ஆபீஸ் பஸ் வராத நாளுக்குக் கூலி

எங்க பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை யாரும் கம்பெனின்னு சொல்றதில்லை. ஆபீஸ்தான். "அவ ஆபீசுக்குப் போறா"ன்னு சொன்னா கோவில்பட்டிக்கோ கழுகுமலைக்கோ தீப்பெட்டி வேலைக்குப் போறான்னு அர்த்தம். வெளியூர்லேர்ந்து பொண்ணு பார்க்க வந்தவங்க, பொண்ணுக்கு அரசாங்க உத்தியோகம்னு நினைச்சுக்கிட்ட கதையெல்லாம் இங்க உண்டு.

கரிசக்காட்டு மானாவாரியில் வருசத்துக்கு ஒரு வெள்ளாமைதான். புரட்டாசியில் விதைச்சு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம்னு வீடு வந்து சேரணும். பங்குனியிலேர்ந்து ஆவணி வரைக்கும் காடு சும்மா கிடக்கும். அந்த மாசங்களில் எங்க ஊரில் பல வீட்டு அடுப்பு எரியிறது ஆபீஸ் கூலியில். பலசரக்குக் கடை பாக்கி, பிள்ளைங்க படிப்புச் செலவு, மகளிர் குழுத் தவணை எல்லாம் அந்த வாரச் சம்பளத்தை வச்சு ஓடும். வெளியில் கேட்டா நாங்க விவசாயக் குடும்பம்னு சொல்லுவோம். ஆனா விதைப்புக்கு விதை வாங்குற காசுல பாதி, வீட்டுப் பொம்பளைங்க குச்சி அடைச்சுக் கொண்டு வந்த காசா இருக்கும். அதனால இந்தத் தொழிலுக்கு ஒரு சளி பிடிச்சா எங்க காட்டுக்கும் தும்மல் வரும்.

பக்கத்து வீட்டு மதினிக்கு இப்ப ஐம்பதைத் தாண்டிருச்சு. எட்டு ஒன்பது வயசுல ஆபீஸ் பஸ்ல ஏறினவங்க. விடியறதுக்கு முன்னாடி பஸ் வந்து ஹாரன் அடிக்கும், அரைத்தூக்கத்துல தூக்குவாளியைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளைங்க வரிசையா ஏறும். எண்பதுகளில் இந்த வட்டாரம் பூராவும் அப்படித்தான். பிறகு 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, பள்ளிக்கூடத்துல சத்துணவும் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைங்க பஸ்ஸை விட்டு இறங்குனாங்க. மதினி இறங்கலை. அவங்களுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நாற்பது வருசத்துக்கு மேல ஒரே வேலை.

கொஞ்ச வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள், பகல் பதினோரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாங்க.

"என்ன மதினி, இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?"

"பஸ் வரலை தம்பி. இந்த வாரம் மூணு நாள்தானாம். சரக்கு தேங்கிக் கிடக்காம்."

"ஏனாம்?"

"பத்து ரூபாய்க்கு லைட்டர் வந்திருச்சாம்ல. கடையில எவன் தீப்பெட்டி கேக்கான்?"

அந்த லைட்டரை நீங்களும் பார்த்திருப்பீங்க. பச்சை, சிவப்பு, நீலம்னு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே கொஞ்சம் கேஸ். பெட்டிக்கடையில் சீப்புக்கும் பாக்குப் பொட்டலத்துக்கும் நடுவுல சரமாத் தொங்கும். பெரும்பாலும் சீனச் சரக்கு. 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலுக்கு எழுதின கடிதத்தில், பத்து ரூபாய் லைட்டர் ஒண்ணு இருபது தீப்பெட்டியோட இடத்தைப் பிடிச்சுக்குதுன்னு கணக்குச் சொல்லியிருந்தார். இருபது பெட்டின்னா நாற்பது ரூபாய். பீடி குடிக்கிறவன் எதை வாங்குவான்னு சொல்ல வேண்டியதில்லை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தத் தொழில் இங்க வேர் பிடிச்சதே ஒரு இறக்குமதி வரியால. நூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம நாட்டுக்குத் தீப்பெட்டி சுவீடன்லேர்ந்தும் ஜப்பான்லேர்ந்தும் கப்பல்ல வந்தது. 1922ல் வெள்ளைக்கார அரசாங்கம் வருமானத்துக்காக, வர்ற தீப்பெட்டி மேல குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. உள்நாட்டில் செஞ்சா லாபம்னு ஆச்சு. அதே வருசம் சிவகாசியிலேர்ந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் வேலை கத்துக்கிட்டு வந்து, 1923ல் தொழிலைத் தொடங்கினாங்க. காத்துல ஈரம் இல்லாத ஊரு, காட்டுல வேலை இல்லாத சனம், ரெண்டும் தீப்பெட்டிக்குத் தோதாப் போச்சு. அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டின்னு பரவி எங்க ஊர் எல்லை வரைக்கும் வந்தது.

ஆக, வரி போட்டுத் தடுத்தப்ப வளர்ந்த தொழில், தடுக்காம விட்டப்ப தேய்ஞ்சது. இதுவரைக்கும் சரி. ஆனா லைட்டர் மட்டும்தான் காரணமான்னு கேட்டா, உள்ளூர்க்காரனா நான் இல்லைன்னுதான் சொல்லுவேன்.

2021 கடைசியில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து ரெண்டு ரூபாய் ஆனது ஞாபகம் இருக்கும். பதினாலு வருசத்துக்குப் பிறகு ஏத்துன விலை அது. அப்ப முதலாளிமார் சங்கங்கள் சொன்ன கணக்குல சிவப்பு பாஸ்பரஸ் 425 ரூபாயிலிருந்து 810 ஆகியிருந்தது, மெழுகு 58லிருந்து 80 ஆகியிருந்தது. 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் 270லிருந்து 300 ரூபாய்க்குத்தான் போய்க்கிட்டிருந்தது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் மெஷின். முழு மெஷின் போட்ட ஆலையில் நூறு பேர் செய்யுற வேலையைச் சில பேர் நின்னு பார்த்துக்கிட்டா போதும். 2017ல் ஜிஎஸ்டி வந்தப்ப கையால செய்யுற தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18 சதவீதம்னு வித்தியாசம் வச்சிருந்தாங்க. 2020 ஏப்ரல்ல ரெண்டுக்கும் ஒரே 12 சதவீதம் ஆக்கினாங்க. மெஷின்காரருக்கு ஆறு குறைஞ்சது, கைவேலைக்காரருக்கு ஏழு கூடினது. இது போக, நம்ம வீட்டு கேஸ் அடுப்பே இப்ப திருகினாப் பத்திக்குது. சாமிக்கு விளக்கு ஏத்தவும் கார்த்திகைக்கும்தான் வீட்டுல தீப்பெட்டி.

ஆக மதினி திண்ணையில் உட்கார்ந்ததுக்குச் சீன லைட்டர் பாதிக் காரணமா, கால்வாசிக் காரணமான்னு எந்த ஆபீசரால பிரிச்சுச் சொல்ல முடியும்? பஸ் வரலைங்கிறது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.

இங்க ஆபீஸ் மூடுற விதம் ஒண்ணு இருக்கு. பட்டணத்து மில்லுல மாதிரி கேட்டுல நோட்டீஸ் ஒட்டிக் கணக்கு முடிக்கிறதில்லை. ஆறு நாள் வேலை அஞ்சு ஆகும், அஞ்சு மூணு ஆகும். ரெண்டு பஸ் ஓடின தடத்துல ஒரு பஸ் ஓடும். கடைசிப் பஸ்ஸும் ஒரு நாள் ஊருக்குள்ள திரும்பாம மெயின் ரோட்டோட போயிரும். யாரையும் வேலையை விட்டு நிறுத்தினதா எங்கயும் எழுத்து இருக்காது.

2023 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு, இறக்குமதி விலை இருபது ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டர் உள்ளே வரக்கூடாதுன்னு தடை போட்டது. எங்க ஊர்ல ஆபீஸ் போறவங்க வீட்டுல எல்லாம் சந்தோசம்தான். தடை வந்ததும் லைட்டரை முழுசாக் கொண்டு வராம, பாகம் பாகமாக் கொண்டு வந்து இங்க பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களுக்கும் தடை வந்தது. இந்தத் தடை வேண்டியதுதான், அதுக்காக அலைஞ்சவங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா ஒண்ணு கவனிங்க. தடை தீப்பெட்டிக்குக் கிடைச்ச பாதுகாப்பு. தீப்பெட்டி கூட வித்தா அதை மதினி கையால அடைக்கணும்னு கட்டாயம் இல்லை, மெஷினும் அடைக்கும். லைட்டர் வந்து தடை வர்ற வரைக்கும் போன வருசங்களில் பஸ் வராத நாளுக்கெல்லாம் யாரும் ஒரு ரூபாய் கொடுக்கலை.

கொடுக்குறதுக்குத் திட்டமே இல்லையான்னு கேட்டா, காகிதத்துல பல இருக்கு. மதினி மகன் கொஞ்சம் விவரமானவன். அவனும் நானும் ஒவ்வொண்ணாப் பார்த்தோம்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு நம்ம மாநிலத்துல தனி நலவாரியம் இருக்கு. பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, அறுபது வயசுக்குப் பிறகு ஓய்வூதியம், இறந்தா ஈமச்சடங்குக்குன்னு உதவி உண்டு. நல்ல விசயம்தான். பிறப்புலேர்ந்து இறப்பு வரை எல்லாத்துக்கும் வரிசை இருக்கு, வேலை இல்லாத நாளுக்கு மட்டும் வரிசை இல்லை.

ஈஎஸ்ஐயில் ரெண்டு இருக்கு. 2005ல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில், ஆலை மூடினாலோ ஆட்குறைப்பு செஞ்சாலோ ரெண்டு வருசம் வரைக்கும் படி கிடைக்கும். முதல் வருசம் கூலியில் பாதி, ரெண்டாவது வருசம் கால்வாசி. 2018ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் 90 நாளுக்குக் கூலியில் பாதி, ஆயுசுக்கு ஒரு தடவைதான். ரெண்டுக்கும் ஈஎஸ்ஐ பிடிச்சிருக்கணும். பத்துப் பேருக்குக் குறைஞ்ச இடத்துக்கு ஈஎஸ்ஐ கட்டாயம் இல்லை. வீட்டுல உட்கார்ந்து பெட்டி ஒட்டிக் கொடுக்குற பொம்பளைங்க பேர் எந்தக் கணக்குலயும் ஏறாது. மதினிக்கு ஈஎஸ்ஐ இருந்தது. ஆனா மூணு நாள் வேலை இருக்குறப்ப வேலை இழந்தவங்கன்னு எப்படி எழுதறது?

தொழில் தகராறு சட்டத்துல தற்காலிக வேலை நிறுத்தத்துக்குப் பாதிக் கூலி கொடுக்கணும்னு ஒரு பிரிவு பல வருசமா இருந்தது. ஐம்பது பேருக்குக் குறையாம வேலை பார்க்கும் ஆலையா இருக்கணும், ஒரு வருசம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும், மஸ்டர் ரோலில் பேர் இருக்கணும். பெட்டிக் கணக்குல கூலி வாங்குறவங்க போய்க் கேட்டா, மறுநாள் வர்ற பஸ்ஸும் அவங்க வீட்டுப் பக்கம் நிக்காது. அந்தப் பயம் இருக்கு.

பயிற்சி கொடுத்து வேற வேலைக்கு அனுப்பலாமேன்னு சொல்வாங்க. தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்துல சேர வயசு 15லிருந்து 35, பெண்களுக்கு 45 வரை தளர்வு. மதினி அதையும் தாண்டியாச்சு. கடைசியில மிஞ்சினது நூறு நாள் வேலை. கம்மாக்கரையில் மண் வெட்டப் போனாங்க. நாற்பது வருசம் உட்கார்ந்து குச்சி அடைச்ச இடுப்பு மண்வெட்டிக்கு வளையலை. "நமக்கு எதுக்கும் ஒரு வயசு வச்சிருக்காகளே தம்பி, ஆபீசுக்குப் போறப்ப மட்டும் வயசே கேக்கலையே"ன்னாங்க. எனக்கு அதுக்குப் பதில் தெரியலை.

வேற நாட்டுல இதுக்கு என்ன செய்றாங்கன்னு தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு சட்டம். 1962ல் கென்னடி ஜனாதிபதியா இருந்தப்ப போட்டது. வெளிநாட்டுச் சரக்குக்கு வரியைக் குறைக்கப் போறோம், அதனால ஊருக்கெல்லாம் லாபம், ஆனா சில ஆலைக்காரங்களுக்கு நட்டம்; ஊர் லாபத்துல ஒரு பங்கை நட்டப்பட்டவங்களுக்குக் கொடுக்கணும். இதுதான் அதோட நியாயம். கேட்க நல்லா இருக்குல்ல? ஆனா முதல் ஏழு வருசத்துல தொழிலாளர் போட்ட மனு ஒண்ணுகூடத் தேறலை. வரிக் குறைப்பால்தான் இறக்குமதி கூடுச்சு, அந்த இறக்குமதியால்தான் வேலை போச்சுன்னு ரெண்டு படி நிரூபிக்கணும்னு விதி. 1974ல் விதியைத் தளர்த்தினாங்க. இறக்குமதி ஒரு முக்கியமான காரணமா இருந்தா போதும்னு ஆச்சு. மூணு தொழிலாளர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே மனு செல்லும். மனு தேறினா பயிற்சிச் செலவு, வேலையில்லாக் காப்பீடு முடிஞ்ச பிறகும் பயிற்சி காலத்துல வாரப் படி, வேற ஊருக்குக் குடிபோகச் செலவு எல்லாம் கிடைச்சது.

அங்க வட கரோலினா மாநிலத்துல கன்னாபொலிஸ்னு ஒரு ஊர். துண்டு, படுக்கை விரிப்பு நெய்யுற மில்லைச் சுத்தி வளர்ந்த ஊர். பில்லோடெக்ஸ்ங்கிற அந்தக் கம்பெனி 2003 ஜூலை 30ஆம் தேதி மூடினப்ப, அந்தச் சுத்துவட்டாரத்துல மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல ஒரே நாள்ல வேலை போச்சு. அந்த மாநிலம் அதுவரைக்கும் பார்த்திராத ஆட்குறைப்பு. சட்டம் இருந்ததால உதவி வந்தது. பக்கத்துக் கல்லூரியில் வகுப்பு எடுத்தாங்க. ஆனா பலர் பள்ளிப்படிப்பையே முடிக்காம சின்ன வயசுல மில்லுக்குள்ள போனவங்க. புதுத் தொழில் கத்துக்கிறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடப் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஐம்பது வயசுல கணக்குப் புத்தகம். அதைப் படிச்சப்ப எனக்கு மதினி ஞாபகம்தான் வந்தது. நம்ம கரூர்லேர்ந்தும் அந்த நாட்டுக்குத் துண்டும் விரிப்பும் கப்பல் ஏறுது. அங்க ஒரு மதினி திண்ணையில் உட்கார்ந்தா இங்க ஒரு தறி கூட ஓடுது. இதுல யாரைக் குத்தம் சொல்றது?

அந்த உதவியை அங்க தொழிற்சங்கக்காரங்களே "அடக்கச் செலவுக் காப்பீடு"ன்னு கேலி பண்ணியிருக்காங்க. செத்த வேலைக்குப் பாடை கட்டுற காசுன்னு அர்த்தம். டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் 2013ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சீன இறக்குமதியால் அடிபட்ட ஊர்களில் இந்தச் சட்டப்படி போன காசு கொஞ்சம்தான், உடல் ஊனமுற்றவர் உதவித்தொகை அதைவிடப் பல மடங்கு கூடியிருந்ததுன்னு அதுல தெரிஞ்சது. வேலை போனவங்க, கையில கிடைச்ச வேற திட்டத்தைப் பிடிச்சுத் தொங்கியிருக்காங்க. இங்க நூறு நாள் வேலை மாதிரின்னு வச்சுக்கலாம். கடைசியில 2022 ஜூலை முதல் தேதியோட அந்தச் சட்டத்தோட காலமும் முடிஞ்சு, புதுசா எந்த மனுவுக்கும் ஒப்புதல் கொடுக்க முடியாமப் போச்சு.

ஆனாலும் அதுல ஒரு பகுதி எனக்குப் பிடிச்சது. ஐம்பது வயசைத் தாண்டினவங்க, பழைய கூலியைவிடக் குறைஞ்ச கூலிக்கு வேற வேலையில் சேர்ந்தா, குறைஞ்ச தொகையில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். ரெண்டு வருசத்துல மொத்தம் பத்தாயிரம் டாலர் வரைக்கும். புதுக் கூலி வருசத்துக்கு ஐம்பதாயிரம் டாலருக்குள்ள இருக்கணும். பள்ளிக்கூடத்துக்குப் போன்னு சொல்லாம, கிடைச்ச வேலைக்குப் போ, பள்ளத்துல பாதியை நாங்க நிரப்புறோம்னு சொல்ற ஏற்பாடு. எங்க ஊர்ல ஐம்பது வயசுப் பொம்பளைங்களுக்குக் கிடைக்கிற வேலை ஜவுளிக்கடையில் பெருக்குறது, பள்ளிக்கூடத்துல சமையலுக்கு உதவறது, தோட்டத்துல களை எடுக்கிறது. எல்லாமே ஆபீஸ் கூலிக்குக் குறைச்சல். அந்த வித்தியாசத்துல பாதி கிடைச்சாலே குழுத் தவணை நிக்காது.

இறக்குமதின்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும். 2021 மே மாசம் உளுந்து இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தாங்க. பர்மா உளுந்து கப்பல்ல வருதுன்னு சேதி வந்தா கோவில்பட்டி கமிஷன் கடையில் வியாபாரி பேச்சு மாறிரும். ஆனா உளுந்துக்கு ஆதார விலைன்னு ஒண்ணை வருசா வருசம் அறிவிக்கிறாங்க. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல கொள்முதல்னு ஒரு வழி இருக்கு. பயிர் போனா காப்பீடு இருக்கு. சரியா நடக்குதா இல்லையாங்கிறது வேற பேச்சு. "உனக்கு நட்டம்"னு ஒத்துக்கிற ஒரு காகிதமாவது எங்களுக்கு உண்டு. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு அதுவும் இல்லை.

என்னோட யோசனை அந்தப் பயிர்க் காப்பீட்டுலேர்ந்துதான் வந்தது. மானாவாரி உளுந்து பொய்ச்சா, "உன் காட்டுல ஏன் பொய்ச்சது, மழையா, பூச்சியா"ன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டு நிரூபிக்கச் சொல்றதில்லை. கிராமத்துலயோ பிர்க்காவுலயோ சில காட்டைத் தேர்ந்தெடுத்து அறுத்து எடை போட்டுப் பார்ப்பாங்க. மகசூல் வழக்கத்தைவிடக் குறைஞ்சிருந்தா பிரீமியம் கட்டின எல்லாருக்கும் ஒரே விகிதத்துல கணக்குல காசு ஏறும். அதே மாதிரி ஆபீசுக்கும் செஞ்சா என்ன? எந்த வட்டாரத்துலேர்ந்து எத்தனை பண்டல் போகுதுன்னு ஜிஎஸ்டி பில்லுல இருக்கு. வழக்கமாப் போறதுல இவ்வளவு சதவீதம் குறைஞ்சா, அந்த வட்டாரத்துல நலவாரிய அட்டை வச்சிருக்கிற எல்லாருக்கும் வேலை இல்லாத நாளுக்கு ஒரு படின்னு வச்சிடலாம். லைட்டரா, மெஷினா, மெழுகு விலையான்னு யாரும் நிரூபிக்க வேண்டாம். அமெரிக்காக்காரன் ஏழு வருசம் தடுக்கி விழுந்த இடத்துல நாம விழ வேண்டாம். மெஷினால உற்பத்தி குறையாம ஆள் மட்டும் குறைஞ்சா பண்டல் கணக்கு அதைக் காட்டாதுன்னு மதினி மகன் சொன்னான். வாஸ்தவம்தான். அதுக்கு ஈஎஸ்ஐ கட்டுற ஆட்களோட எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கணும். பயிர்க் காப்பீட்டுக் காசே காலம் கடந்து வருதேன்னு நீங்க சொல்லலாம், அதுவும் சரிதான். லேட்டா வர்ற காசுக்காவது சண்டை போட ஒரு இடம் இருக்கும்.

இன்னொரு விசயமும் சொல்லிடறேன். பஸ் நின்னா நல்லதுன்னு நினைக்கிற விவசாயிகளும் எங்க ஊர்ல உண்டு. களைக்கு ஆள் கிடைக்கும், கூலி ஏறாதுன்னு. டீக்கடையில் வெளிப்படையாவே சொல்றாங்க. ஆனா களையும் அறுவடையும் சேர்த்து எங்க காட்டுல ஒரு ஆளுக்கு எத்தனை நாள் வேலை இருக்கு? ரெண்டு மாசம் தேறினாப் பெரிசு. மீதிப் பத்து மாசத்துக்கு அவங்க என்ன செய்வாங்க? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் பஸ் ஏறுவாங்க. அடுத்த புரட்டாசிக்குக் களை எடுக்க ஆளும் இருக்காது, ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளையும் இருக்காது.

திட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆபீஸ் போறவங்க வீட்டுல இருந்து இதை வாசிச்சா ஒரு மூணு வேலை செஞ்சு வைங்க. நலவாரிய அட்டை இல்லைன்னா பதிஞ்சிடுங்க, இருந்தா புதுப்பிச்சிருக்கான்னு பாருங்க. ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா அந்த நம்பரையும் ஆதாரோட சேர்ந்திருக்கான்னும் பிள்ளைங்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வேலை போன பிறகு தேடினா ஆபீஸ்ல யாரும் எடுத்துத் தர மாட்டாங்க. மூணாவது, வீட்டுக் காலண்டர்ல பஸ் வந்த நாளுக்கு ஒரு புள்ளி, வராத நாளுக்கு ஒரு சுழி போட்டு வைங்க. பால்காரனுக்குக் கணக்கு வைக்கிற மாதிரிதான். மதினி இப்ப அப்படித்தான் போட்டுக்கிட்டு வர்றாங்க. போன மாசக் காலண்டர்ல சுழி ஒன்பது.